டாக்டர்கிட்ட சொல்லாம வந்தது: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கடைசிப் பக்கத்துல சின்னதா ஒரு பெட்டி போட்டிருந்தோம், "உங்க ஊர் டாக்டர்கிட்ட நேர்ல சொல்ல முடியாம முழுங்கிட்டு வந்த விஷயம் என்ன, எழுதுங்க"ன்னு. தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துல இருந்தும் கடிதம் வந்து குவிஞ்சிருச்சு, வாட்ஸ்ஆப் வாய்ஸ் மெசேஜ் வேற தனி. டாக்டர் ஒருத்தரே எழுதியிருக்கார், கிளினிக்ல டோக்கன் போடுற ஒருத்தரும் எழுதியிருக்கார். பேர் போடாதீங்கன்னு எல்லாரும் கேட்டுக்கிட்டதால ஊர் மட்டும் போட்டிருக்கோம்.

கேள்வி: சார், நான் எம்.பி.பி.எஸ். முடிச்சுட்டு பாலக்கோட்டுல கிளினிக் வச்சிருக்கேன். ஜனங்க என்ன நினைக்குறாங்கன்னு தெரிஞ்சுக்க ஃபீட்பேக் ஃபார்ம் அடிச்சு வச்சேன், அஞ்சு ஸ்டாருக்கு எத்தனைன்னு டிக் பண்ற மாதிரி. வர்றதெல்லாம் அஞ்சுக்கு அஞ்சுதான், "நல்லா பாக்குறார்", "கைராசியான டாக்டர்", அவ்வளவுதான். ஆனா மாசாமாசம் வந்துட்டிருந்த சுகர் பேஷண்ட்ஸ் நிறைய பேர் இப்ப தர்மபுரிக்கு பஸ் ஏறிப் போயிடறாங்க. எங்க இடிக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?
(ஒரு டாக்டர், பாலக்கோடு)

பதில்: டாக்டர், முதல்ல ஒண்ணு சொல்லுங்க, அந்த ஃபார்மை யார் கையில குடுக்குறாங்க? ஃபீஸ் வாங்குற டேபிள்ல உங்க சிஸ்டரே குடுத்து, பேனாவையும் நீட்டி, எழுதி முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நிக்குறாங்கன்னா அதுல வேற என்னங்க வரும். கல்யாண வீட்டுக்காரர் பந்தியில வந்து நின்னுக்கிட்டு "சாப்பாடு எப்படி"ன்னு கேட்டா உப்பு கம்மின்னு எவனாச்சும் சொல்வானா? அதுலயும் நாளைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு குழந்தைக்கு வயித்தால போச்சுன்னா உங்க கதவைத்தான் வந்து தட்டணும், அந்த நினைப்பு பேனா பிடிக்கிற கையில இருக்கும்ல.

அடுத்தது கேள்வி. "எங்க சேவை எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டா "நல்லா இருந்துச்சு"ன்னுதான் பதில் வரும், அது மரியாதைக்கு சொல்றது. அபிப்ராயத்தை விட்டுட்டு நடந்ததைக் கேளுங்க. இங்கிலாந்துல இந்த சர்வே வேலையை ரொம்ப காலமா பண்ற பிக்கர் இன்ஸ்டிட்யூட் மாதிரி ஆளுங்க, திருப்தியா இல்லையாங்கறதை ஓரம் தள்ளிட்டு, இது நடந்துச்சா நடக்கலையான்னுதான் கேப்பாங்க. நீங்களும் அப்படியே கேளுங்க. டோக்கன் வாங்கி எவ்வளவு நேரம் உக்காந்திருந்தீங்க? சொல்ல வந்ததை எல்லாம் சொல்லி முடிச்சீங்களா? டெஸ்ட் எழுதினாங்கன்னா எதுக்குன்னு சொன்னாங்களா? என்ன ஆனா உடனே திரும்ப வரணும்னு சொல்லி அனுப்பினாங்களா? வீட்டுக்குப் போனப்புறம் "அடடா இதைக் கேக்காம வந்துட்டோமே"ன்னு ஏதாச்சும் தோணுச்சா? இவ்வளவு போதும். இருபது கேள்வி அடிச்சீங்கன்னா ரெண்டாவது பக்கத்துல இருந்து எல்லாத்துக்கும் ஒரே டிக் போட்டுட்டுப் போயிட்டே இருப்பாங்க.

இதுல ரெண்டாவது கேள்வியை லேசா நினைக்காதீங்க. 1984ல பெக்மேன், ஃப்ராங்கல்னு ரெண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளருங்க, டாக்டர் ரூம்ல நடக்குற பேச்சை ரெக்கார்ட் பண்ணிப் பார்த்தாங்க. பேஷண்ட் சொல்ல ஆரம்பிச்சு சராசரியா 18 செகண்ட்ல டாக்டர் குறுக்க பேசிடறார். அங்கயே அந்த கதின்னா ஒரு சாயங்காலத்துக்கு எண்பது டோக்கன் ஓடுற நம்ம ஊர் கிளினிக்கைப் பத்தி சொல்லவே வேண்டாம். 2017ல பி.எம்.ஜே. ஓப்பன் பத்திரிகையில 67 நாட்டுக் கணக்கைப் போட்டு ஒரு கட்டுரை வந்துச்சு, அதுல இந்தியாவுல ஒரு பேஷண்டுக்கு டாக்டர் குடுக்குற நேரம் ரெண்டு நிமிஷம் பக்கம்தான். அந்த ரெண்டு நிமிஷத்துல "சுகர் எவ்வளவு, மாத்திரை சாப்பிடறீங்களா, நாக்கை நீட்டுங்க"ன்னு போயிடும், அவங்க எந்திரிச்சு கதவுகிட்ட போனப்புறம் திரும்பி நின்னு "அப்புறம் சார், ராத்திரியில பாதம் எரியுது"ன்னு மெதுவா சொல்வாங்க, அதுக்குள்ள அடுத்த டோக்கன் உள்ள வந்து உக்காந்தாச்சு. சுகர்காரங்களுக்கு அந்த கால் எரிச்சல் நரம்பு பாதிப்போட அறிகுறியா இருக்கலாம், அது எவ்வளவு முக்கியம்னு உங்களுக்கு நான் சொல்லணுமா. தர்மபுரி பஸ் ஏறினவங்கள்ல நாலு பேரைப் பிடிச்சு விசாரிங்க, "அங்க உக்கார வச்சு கேக்குறாங்க"ன்னு ஒருத்தராச்சும் சொல்வாங்கன்னு நினைக்கிறேன்.

எப்படிக் கேக்குறதுன்னா, பத்து டோக்கனுக்கு ஒருத்தர்னு எடுத்து ரெண்டு நாள் கழிச்சு போன் பண்ணுங்க. நீங்களும் பண்ணாதீங்க, சிஸ்டரும் வேண்டாம், கிளினிக்குக்கு சம்பந்தமே இல்லாத, நம்ம ஊர் பேச்சு பேசுற ஒரு பொண்ணு பண்ணட்டும். டாக்டர் ரூமுக்குள்ள என்ன வியாதின்னு பேசினது எதையும் அந்தப் பொண்ணு கேக்கக் கூடாது, நம்பரை வெளியில குடுக்கவும் கூடாது. போன் பண்ணலாமான்னு கிளினிக்லயே முன்கூட்டி கேட்டு வச்சுக்குங்க. போன்ல இன்னொண்ணும் கேக்கச் சொல்லுங்க: "அந்த மாத்திரை கவரைக் கொஞ்சம் கையில எடுங்கம்மா, காலையில போடுறது எது, எத்தனை நாளைக்கு?" மெடிக்கல்ல கத்திரியில வெட்டிக் குடுத்த அட்டையில பேரும் இருக்காது தேதியும் இருக்காது, மூணு வித மாத்திரை ஒரே ப்ரவுன் கவர்ல கிடக்கும், அந்தம்மா "வெள்ளை மாத்திரை காலையில"ன்னு சொல்வாங்க, ஆனா கவருக்குள்ள வெள்ளையே ரெண்டு வகை இருக்கும். உங்க பிரிஸ்கிரிப்ஷன் எவ்வளவு புரிஞ்சிருக்குன்னு அதுலயே தெரிஞ்சு போயிடும், ஸ்டார் எண்ணவே வேண்டாம்.

முக்கியமா, வர்றதை நிறுத்தினவங்களைக் கூப்பிடுங்க. கிளினிக்ல உக்காந்திருக்கறவங்க உங்களை விட்டுப் போகாதவங்க, அவங்ககிட்ட எவ்வளவு கேட்டாலும் போனவங்க கதை கிடைக்காது.

கேள்வி: அண்ணா, எங்க ஊர்ல ரெண்டு டாக்டர். ஒருத்தர் காய்ச்சல்னு போனா ஊசி போட மாட்டார், "வைரல்தான், தண்ணி குடிங்க, மூணு நாள்ல சரியாகும்"னு பாரசிட்டமால் மட்டும் எழுதுவார். இன்னொருத்தர் போன உடனே ஊசி, குளுக்கோஸ், அஞ்சு மாத்திரை. ஊரே ரெண்டாவது ஆளைத்தான் நல்ல டாக்டர்ங்குது. அப்போ ஜனங்ககிட்ட கருத்து கேட்டா ஊசி போடுறவர்தானே ஜெயிப்பார்?
(வாசகி, பென்னாகரம்)

பதில்: தங்கச்சி, இந்த இதழுக்கு வந்ததுலயே உருப்படியான கேள்வி இதுதான். நீ சொல்றது நிஜமாவே நடந்திருக்கு, அதுவும் அமெரிக்காவுல. 2012ல ஃபென்டன்னு ஒரு டாக்டரும் அவர் கூட இருந்தவங்களும் ஆயிரக்கணக்கான பேரோட கணக்கை எடுத்துப் பார்த்தாங்க, டாக்டர் மேல ரொம்ப திருப்தின்னு சொன்னவங்களுக்கு மருந்துச் செலவு அதிகம், ஆஸ்பத்திரியில சேர்றது அதிகம், இறந்தவங்க எண்ணிக்கையும் அதிகமா இருந்துச்சு. திருப்தியா இருந்தா செத்துடுவாங்கன்னு அர்த்தம் எடுத்துக்காதே, ஒண்ணுனால இன்னொண்ணு ஆச்சுன்னு அந்த ஆராய்ச்சி நிரூபிக்கல. ஆனா பேஷண்ட் சந்தோஷத்தை மட்டும் அளவுகோலா வச்சா வம்புதான்னு புரிஞ்சுக்க அது போதும்.

குளுக்கோஸ் பாட்டிலையே எடுத்துக்கோ. அஞ்சு சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 500 மில்லி பாட்டில்ல இருக்குறது 25 கிராம் சர்க்கரை, மீதியெல்லாம் தண்ணி. வாயால குடிக்க முடியுற ஆளுக்கு வீட்டுல ஒரு சொம்பு கஞ்சியில உப்பு போட்டுக் குடுத்தா ஆகற வேலை. ஆனா கட்டில்ல படுக்க வச்சு கம்பியில பாட்டிலைத் தொங்க விட்டா "நல்லா கவனிச்சாங்க"ன்னு மனசுல ஒரு தெம்பு வருது பாரு, அதுக்குத்தான் அந்தக் காசு.

அதனால ஜனங்ககிட்ட எதைக் கேக்குறதுன்னு பிரிச்சுக்கணும். எவ்வளவு நேரம் காக்க வச்சாங்க, மரியாதையா பேசினாங்களா, புரியற மாதிரி சொன்னாங்களா, பில்லு குடுத்தாங்களா, கக்கூஸ்ல தண்ணி வந்துச்சா, இதுக்கெல்லாம் பேஷண்ட்தான் சாட்சி, வேற யாரும் சொல்லவே முடியாது. ஊசி தேவையா, அந்த ஆன்டிபயாட்டிக் சரியாங்கறதை இன்னொரு டாக்டர்தான் சீட்டைப் பார்த்து சொல்லணும், அதுக்கு ஊர்ல ஓட்டுப் போடக் கூடாது. இன்னொண்ணு, அந்த முதல் டாக்டர் மேலயும் எனக்கு ஒரு சின்ன குறை உண்டு. ஊசி போடாததுக்குக் காரணத்தை ஒரு நிமிஷம் உக்கார வச்சு சொல்லி, "மூணு நாள்ல காய்ச்சல் விடலைன்னா, மூச்சு வாங்குச்சுன்னா, ஒண்ணுக்கு போறது குறைஞ்சா அப்பவே வந்துடு"ன்னு அனுப்பினா பாதிப் பேர் அவர்கிட்டயே இருப்பாங்க. "வைரல்தான்"னு ஒரு வார்த்தையில முடிச்சா ஆளைக் கவனிக்கவே இல்லைன்னுதான் ஜனம் நினைக்கும்.

கேள்வி: ஓசூர்ல கம்பெனியில ஷிப்ட் வேலை பாக்குறேன். என் மனைவி ஸ்கேனுக்காக ஒரு தனியார் ஆஸ்பத்திரியில மூணு மணி நேரம் உக்கார வச்சாங்க, முதல்ல சொன்ன ரேட்டை விட பில்லும் அதிகம். கோவத்துல கூகுள்ல ஒரு ஸ்டார் போட்டு நாலு வரி எழுதினேன். அடுத்த நாளே போன், "எடுக்கலைன்னா வக்கீல் நோட்டீஸ் வரும்"னு. என் நம்பர் ஓ.பி. சீட்டுல குடுத்தது. எடுத்துடட்டுமா?
(வாசகர், ஓசூர்)

பதில்: தம்பி, எழுதினதை முதல்ல ஒரு தடவை படிச்சுப் பாருங்க. "அன்னிக்கு பத்து மணிக்குப் போனோம், ஒரு மணிக்குத்தான் கூப்பிட்டாங்க, முன்னாடி சொன்னது இவ்வளவு, பில்லுல வந்தது இவ்வளவு"ன்னு இருந்தா அது நடந்தது, பில்லு கையில இருக்குல்ல, அப்படியே இருக்கட்டும். "கொள்ளைக்கார பசங்க, கொலைகார ஆஸ்பத்திரி"ன்னு இருந்தா அந்த வார்த்தையை மட்டும் எடுத்துடுங்க. அவதூறுக்கு இப்ப பாரதிய நியாய சன்ஹிதாவுல (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா வந்தது) 356வது பிரிவு, உண்மையை பொது நன்மைக்காக சொன்னா அதுல விதிவிலக்கு இருக்கு, திட்டுறதுக்கு அது கிடைக்காது. போன்ல மிரட்டினது எந்த தேதி எத்தனை மணி எந்த நம்பர்னு குறிச்சு வச்சுக்குங்க, சிகிச்சைக்காக குடுத்த நம்பரை மிரட்டுறதுக்கு எடுத்தது அவங்க பக்கத்துத் தப்பு. பதிலுக்கு அவங்க கூகுள்ல உங்க மனைவியோட ரிப்போர்ட்டைப் பத்தி எழுதவும் முடியாது, பேஷண்ட் ரகசியத்தை வெளியிடக் கூடாதுன்னு 2002 மருத்துவ கவுன்சில் ஒழுங்குமுறையிலயே இருக்கு.

உண்மையா தீர்வு வேணும்னா ஸ்டாரை நம்பிப் பிரயோஜனம் இல்லை. ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு ஒரு லெட்டர் எழுதி கையெழுத்து வாங்கி காப்பி வச்சுக்குங்க. அட்மிட் ஆனவங்க ரெக்கார்டு கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும்னு அதே ஒழுங்குமுறை சொல்லுது. பதில் இல்லைன்னா கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும். காசு குடுத்து வாங்குற மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு சுப்ரீம் கோர்ட் 1995லயே சாந்தா வழக்குல சொல்லிடுச்சு. டாக்டர் நடத்தையைப் பத்தின புகார்னா தமிழ்நாடு மருத்துவ கவுன்சில், ஆஸ்பத்திரி லைசென்ஸ் சம்பந்தமா இருந்தா மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் ஆபீஸ். மூணு மணி நேரம் காத்திருந்ததுக்கெல்லாம் கவுன்சிலுக்குப் போகாதீங்க, அதுக்கு அந்த லெட்டரே போதும்.

ஒரு சந்தேகப்பிராணியா இதையும் சொல்லிடறேன், ஒரே வாரத்துல முப்பது அஞ்சு ஸ்டார், எல்லாத்துலயும் "சூப்பர் சர்வீஸ், ஸ்டாஃப் வெரி ஃப்ரெண்ட்லி"ன்னு பார்த்தா நான் அந்த ஆஸ்பத்திரியை விட்டு ரெண்டு தெரு தள்ளியே நடப்பேன்.

கேள்வி: அரூர் பக்கத்துல எங்க மகளிர் குழுவுல பதினாறு பேர் இருக்கோம். எங்க பி.ஹெச்.சி.யில (ஆரம்ப சுகாதார நிலையம்) என்ன குறை என்ன நிறைன்னு ஊர் ஜனங்ககிட்ட கேட்டு அதிகாரிங்களுக்குக் குடுக்கலாம்னு பேசியிருக்கோம். சித்தேரி மலையில இருந்து இறங்கி வர்றவங்களும் இதே பி.ஹெச்.சி.தான். பாதிப் பேருக்கு எழுதப் படிக்க வராது. எப்படி ஆரம்பிக்கலாம், அரசாங்கமே இதை செய்யுதா?
(மகளிர் குழு, அரூர் வட்டம்)

பதில்: அரசாங்கமும் செய்யுதும்மா. மத்திய சுகாதாரத் துறை 2016ல "மேரா அஸ்பதால்"னு ("என் ஆஸ்பத்திரி"ன்னு அர்த்தம்) ஒண்ணு ஆரம்பிச்சாங்க, ஆஸ்பத்திரியில பதிவு பண்ணின போன் நம்பருக்கு எஸ்.எம்.எஸ்., இல்லைன்னா கால் வரும், திருப்தியா இல்லையா, இல்லைன்னா எதுனாலன்னு கேப்பாங்க. தேசிய தரச் சான்றுக்கும், அதான் என்.கியூ.ஏ.எஸ்.ங்கறாங்களே, பேஷண்ட்ஸ்கிட்ட கருத்து கேட்டு ரெக்கார்டு வச்சிருக்கணும். ஆனா மலையில இருந்து வர்றவங்க வீட்டுக்கே ஒரு போன், அதுவும் பையன்கிட்ட பெங்களூர்ல இருக்கும், அந்த எஸ்.எம்.எஸ். யாருக்குப் போய் சேரும்? அதனால நீங்க பண்றது வேண்டிய வேலைதான்.

படிக்காதவங்களுக்கு பேப்பரே வேண்டாம், புளியங்கொட்டை போதும். ஒரு திண்ணையில துணி கட்டி மறைச்சு உள்ள மூணு டப்பா வைங்க, ஒண்ணுல சிரிச்ச முகம், ஒண்ணுல சும்மா இருக்குற முகம், ஒண்ணுல அழுவுற முகம் ஒட்டிடுங்க. நல்லபடியா நடந்திருந்தா சிரிச்ச முகம், அரைகுறைன்னா சும்மா முகம், குறைன்னா அழுவுற முகம்னு முதல்லயே சொல்லிடுங்க. ஒவ்வொரு கேள்வியா வெளியில இருந்து சத்தமா கேளுங்க, "போன தடவை நீங்க போனப்ப டாக்டர் இருந்தாரா?", "மாத்திரை அங்கேயே கிடைச்சுதா, வெளியில வாங்கச் சொன்னாங்களா?", "யாராச்சும் காசு கேட்டாங்களா?", "பிரசவத்துக்குப் போனவங்களை மரியாதையா நடத்தினாங்களா?", ஒவ்வொருத்தரா உள்ள போய் கொட்டையைப் போட்டுட்டு வரட்டும். யார் எதுல போட்டாங்கன்னு யாருக்கும் தெரியாது. காசு கேட்டாங்களாங்கற கேள்விக்கு நேர்ல வாயைத் திறக்காத ஊர்லயும் கொட்டை பேசும்.

மாமியாரையும் மருமகளையும் ஒண்ணா வச்சு கேக்காதீங்க, பிரசவ விஷயத்துல மருமக வாயே திறக்காது. ஆம்பளைங்களைத் தனியா கேளுங்க. மலைக்காரங்ககிட்ட சந்தைக்கு இறங்கி வர்ற நாள்ல, பஸ்ஸுக்கு நேரம் இருக்கறப்ப கேளுங்க. அவங்க குறை வேற மாதிரி இருக்கும், மருந்தை விட பஸ் டைம்தான் அங்க பிரச்சனையா வந்தாலும் ஆச்சரியப்படாதீங்க. ஓ.பி. முடியறதுக்குள்ள பஸ் வந்து சேரலைன்னா உள்ள டாக்டர் எவ்வளவு நல்லவரா இருந்து என்ன.

மக்களைத் தேடி மருத்துவத்துல வீடு வீடா சுகர், பி.பி. மாத்திரை கொண்டு வர்ற தன்னார்வலர் உங்க ஊர்லயும் இருப்பாங்க (அந்தத் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5ல ஆரம்பிச்சதே நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியிலதான்). அவங்களைக் கண்டிப்பா கூட்டத்துக்குக் கூப்பிடுங்க, யார் மாத்திரையை நிறுத்திட்டாங்க, ஏன் நிறுத்தினாங்கன்னு அவங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு எந்த ரிஜிஸ்தர்லயும் இருக்காது. கேள்வி கேக்குற வேலையை மட்டும் அவங்க தலையில கட்டாதீங்க, அவங்களைப் பத்தியும் ஜனங்க நாலு சொல்லணும்ல.

கணக்கு முடிஞ்சதும் நேரா கலெக்டர் ஆபீஸுக்கு ஓடாதீங்க. முதல்ல அந்த மெடிக்கல் ஆபீசர் அம்மாவையோ சாரையோ பார்த்து உக்காந்து காட்டுங்க, நல்லதா வந்ததை முதல்ல சொல்லுங்க, எந்த நர்சம்மா பேரும் எழுதாதீங்க. அவங்களே நாளைக்கு சரி பண்ணக் கூடியது இருக்கும், குடிதண்ணி, உக்கார பெஞ்ச், கர்ப்பிணிங்களுக்குத் தனி வரிசை, அதுக்கு நோயாளர் நலச் சங்கத்துல கொஞ்சம் நிதியும் இருக்கும். டாக்டர் போஸ்ட் காலி, மருந்து வர்றதில்லைங்கறதெல்லாம் அவங்க கையில இல்லை, அது மேல போகணும், அந்த டாக்டரும் மேல எழுதி எழுதி அலுத்துப் போயிருப்பாங்க, உங்க பேப்பர் அவங்களுக்கே ஒரு துணை. அதுக்கப்புறம் கிராம சபையில தீர்மானமா வைங்க, வருஷத்துல ஆறு தடவை நடக்குது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மூணு நாலு மாசம் கழிச்சு அதே கேள்வி, அதே டப்பா, அதே கொட்டையோட திரும்பக் கேளுங்க, என்ன மாறிச்சுன்னு ஊர் நடுவுல போர்டுல எழுதிப் போடுங்க. சொல்லி ஒண்ணும் ஆகலைன்னா அடுத்த தடவை யாரும் வர மாட்டாங்க. அவசரமா யாராச்சும் காசு கேட்டா, ஆள் இல்லைன்னா, அதுக்கு இந்தக் கணக்கெல்லாம் முடியற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், 104க்கு போன் பண்ணி சொல்லிடலாம்.

கேள்வி: நான் தேன்கனிக்கோட்டையில ஒரு கிளினிக்ல டோக்கன் போடுறவன். டாக்டருக்கு கும்பிடு, எனக்குத் திட்டு, இதான் சார் என் பொழப்பு. ஆறு மணின்னு போர்டு, டாக்டர் வர்றது ஏழே முக்கால். பேஷண்ட்ஸ்கிட்ட கருத்து கேக்கப் போறாராம், என்கிட்ட யாராச்சும் கேட்டாங்களா?
(பேர் வேண்டாம், தேன்கனிக்கோட்டை)

பதில்: நியாயம்தான் அண்ணே. ஜனங்க டாக்டர்கிட்ட சொல்லாதது எல்லாம் உங்க டேபிள்லதான் கொட்டுது, அதைக் குறிச்சு வச்சா தனியா சர்வேயே வேண்டாம். ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்குங்க, பேர் எழுதாம என்ன திட்டினாங்கன்னு மட்டும் ஒரு வரி, நேரத்தோட. "6.50 அஞ்செட்டி பாட்டி, கடைசி பஸ் போயிடும்னு டோக்கனைத் திருப்பிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க." இந்த மாதிரி ஒரு மாசம். சனிக்கிழமை ராத்திரி கடை சாத்துறப்ப டாக்டர் டேபிள்ல வச்சுடுங்க, நீங்க வாயால சொன்னா உங்க புகார், நோட்டுல இருந்தா பேஷண்ட் புகார். அந்தப் பாட்டி மாதிரி எத்தனை ஃபீஸ் திரும்பிப் போச்சுன்னு எண்ணிப் பார்த்தார்னா போர்டையாச்சும் ஏழரைன்னு மாத்துவார்.

உங்க ஊருக்கு இன்னொண்ணு. ஃபார்ம் அடிச்சா தமிழ்ல மட்டும் அடிக்காதீங்க, தளி, அஞ்செட்டி பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுறவங்க எத்தனை பேர் உங்க பெஞ்சுல உக்காந்திருக்காங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும். ஃபார்மை விட நீங்களே அவங்க பாஷையில ஒரு வார்த்தை கேட்டா இன்னும் நல்லது.

கேள்வி: எங்கம்மாவுக்கு மூட்டு வலி, இடுப்பு பிடிப்பு. ஆறு மாசமா ஊசி போட்டுக்கிட்டே இருக்கோம், கேக்கல. எங்க தெருவுலயே நாலஞ்சு பேருக்கு இதே மாதிரி. இதை டாக்டர்கிட்ட சொன்னா "வயசாச்சு"ங்கறார். ஃபீட்பேக்னு இதையும் எழுதலாமா?
(வாசகி, காரிமங்கலம்)

பதில்: இதைத்தான் முதல்ல எழுதணும். தெருவுல நாலு பேருக்கு ஒரே மாதிரிங்கறது டாக்டருக்குத் தனித்தனியா வர்ற சீட்டுல தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். அம்மாவுக்கு என்னன்னு நான் இங்க உக்காந்து சொல்ல மாட்டேன், வயசு, வைட்டமின், வாதம்னு எது வேணா இருக்கலாம். ஆனா நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் போர் தண்ணியில ஃப்ளோரைடு அதிகம்ங்கறது ஊரறிஞ்சது, அது வருஷக்கணக்கா உடம்புல சேர்ந்தா பல்லு, எலும்பு, மூட்டெல்லாம் பாதிக்கும், அதைத்தான் ஃப்ளோரோசிஸ்ங்கறாங்க, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டத்தோட பேர்லயே ஃப்ளோரோசிஸ் தடுப்பு இருக்கு. ஒரு லிட்டர்ல 1.5 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாதுங்கறது குடிதண்ணிக்கு உச்ச அளவு. பிள்ளைங்க பல்லுல பழுப்பு கறை கோடு கோடா இருக்கா பாருங்க, குடிக்கிறதும் சமைக்கிறதும் ஒகேனக்கல் தண்ணியா, போர் தண்ணியா, எத்தனை வருஷமான்னு ஒரு சீட்டுல எழுதி டாக்டர்கிட்ட குடுங்க. தண்ணியைக் குடிநீர் வடிகால் வாரிய லேப்ல டெஸ்ட் பண்ணி அந்த ரிப்போர்ட்டையும் கூட வைங்க. "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க"ன்னு இந்த மண்ணுல பிராக்டீஸ் பண்ற டாக்டர் கேக்கலைன்னா அது குறைதான், தாராளமா எழுதுங்க.

கேள்வி: எங்க ஊர்ல டாக்டர் ஒருத்தர்தான். ஏதாச்சும் சொல்லி அவர் கோவிச்சுக்கிட்டா ராத்திரி பகல்ல எங்க போறது?
(வாசகர், ஊத்தங்கரை)

பதில்: பயம் புரியுது. கூட்டமா இருக்கறப்ப, பத்து பேர் முன்னாடி சொல்லாதீங்க, யாரா இருந்தாலும் கோவம் வரும். உடம்பு சரியாயிட்ட அப்புறம் ஒரு நாள் மத்தியானம் போய், "சார், நீங்க குடுத்த மருந்துல காய்ச்சல் விட்டுடுச்சு. அன்னிக்கு எங்க வீட்டுப் பொம்பளைங்க உள்ள இருக்கறப்பவே அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க, அது மட்டும் அவங்களுக்கு சங்கடமா போச்சு, கதவுக்கு ஒரு திரை போட்டா நல்லா இருக்கும் சார்"னு சொல்லிப் பாருங்க. என்ன நடந்துச்சு, என்ன வேணும், ரெண்டும் அதுல இருக்கு, அவர் கெட்டவர்னு எங்கயும் இல்லை. அதுவும் முடியாதுன்னா பேர் போடாம ஒரு சீட்டு, டோக்கன் போடுறவர் கையில.

கேள்வி: எங்க டாக்டர் திடீர்னு ஃபீஸை 150ல இருந்து 250 ஆக்கிட்டார். கருத்துப் பெட்டியில "குறைங்க"ன்னு எழுதிப் போடலாமா?
(வாசகர், காவேரிப்பட்டணம்)

பதில்: தாராளமா போடுங்க, குறைப்பாருன்னு மட்டும் எதிர்பாக்காதீங்க. ஆனா "ஃபீஸ் எவ்வளவுன்னு வெளியில எழுதி ஒட்டுங்க, ஒரு வாரத்துக்குள்ள அதே காய்ச்சலுக்குத் திரும்ப வந்தா மறுபடி ஃபீஸ் உண்டா இல்லையா, அதையும் சேர்த்து ஒட்டுங்க"ன்னு எழுதுங்க. என்னென்ன ரேட்டுன்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்கறது பேஷண்டோட உரிமைன்னு தேசிய மனித உரிமை ஆணையம் 2018ல தயாரிச்ச நோயாளிகள் சாசனத்துலயே இருக்கு. ஜனங்க கையில காசு புழங்குற மாங்கா சீசன்ல ஏத்தினாரா, சீசன் முடிஞ்சு ஏத்தினாரா, அதையும் எழுதியிருக்கலாம் நீங்க.